டப்பா பார்க்கும் டாக்டர்

"டப்பாவைக் காட்டுங்க" என்று கை நீட்டுகிறார் டாக்டர் சபீனா. ஸ்டெதாஸ்கோப் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள் டிபன் பாக்ஸை எடுத்து, தயங்கித் தயங்கித் திறக்கிறார். குவளையில் அடுக்கியிருக்கும் ஸ்பூன்களில் ஒன்றை உருவி, ஒரே ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மெல்லுகிறார் டாக்டர். "ஹவ், ஆமா, உப்பு கொறைஞ்சிருக்கு. ஊறுகாயை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" அம்மாள் அசடு வழிகிறார். அதற்குப் பிறகுதான் ரத்த அழுத்தம் பார்ப்பது.

மல்காஜ்கிரியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருபத்தாறு வருடமாக நடக்கிறது இந்தக் கிளினிக். டாக்டருடையது தாத்தா காலத்தில் வாணியம்பாடியிலிருந்து வந்த குடும்பம். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்து பிரியாணியைத் தொடாமல் இருப்பதற்கே இவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். வியாழக்கிழமைகளில் சர்க்கரை, பிரஷர்காரர்கள் அன்றைய மதியச் சாப்பாட்டோடு வர வேண்டும். "என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா எல்லாரும் கீரைன்னுதான் சொல்றாங்க. அதான் டப்பாவையே பாக்குறேன்" என்பார். வெளியே பெஞ்சில் கொள்ளுத் துவையலும் சோள ரொட்டியும் பற்றி ஓயாத பேச்சு. நானும் பிரஷர்காரன். என் டப்பா பலமுறை பெயிலாகியிருக்கிறது.

மூன்று மாதம் முன்பு ஒரு வியாழன். மூன்றாவது ஆளின் டப்பாவைச் சுவைத்த டாக்டர் நிமிர்ந்தார். "இதே முருங்கைக்கீரையை இன்னிக்கு ரெண்டு தடவை தின்னாச்சே!"

குட்டு வெளிப்பட்டது. பத்மஜா என்ற அம்மாள் கொண்டுவந்த ஒரே டப்பா, வரிசையில் கைமாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம். அடுத்து அதை வாங்க இருந்தவன் நான் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

பிடிபட்ட மூன்றாவது ஆள் உமாசங்கர் மட்டும் சிரிக்கவில்லை. சரக்கு ரயில் ஓட்டுபவர். மனைவிக்கு ஈரோட்டில் வேலை; இவருக்கு இங்கே தினமும் ஓட்டல் பார்சல்தான். "மூணு மாசத்துல மெடிக்கல் வருது டாக்டர். சுகர் இப்படியே இருந்தா இன்ஜின்ல ஏத்தமாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா ஓட்டிட்டிருக்கேன்..."

"எதுக்கு பயப்படுறீங்க?" என்றபடி டாக்டர் தன் பையிலிருந்து தன்னுடைய மதியச் சாப்பாட்டையே எடுத்து நீட்டினார். "டியூட்டிக்குப் போறப்ப இங்க வந்து வாங்கிட்டுப் போங்க. மாத்திரையை நிறுத்துறது மட்டும் நக்கோ, வேணாம். டப்பா காலியா திரும்பி வரணும்." அன்று மதியம் அவர் வேர்க்கடலை தின்று சமாளித்ததை நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து டாக்டர் வீட்டில் இரண்டு டப்பா. விடியற்காலை டியூட்டி என்றால் உமாசங்கருக்காக டாக்டர் வீட்டு கேட்டில் பை தொங்கும். ஐம்பத்தெட்டு வயதில், யாரோ ஒருவருக்காக மூன்று மாதம் இப்படிச் சமைக்க முடியுமா? என்னால் என் அண்ணனுக்கே முடியாது. நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது, கூடவே வெட்கமாகவும்.

போன வியாழக்கிழமை உமாசங்கர் வந்தார். கையில் மெடிக்கலில் தேறிய காகிதம். பெஞ்சே எழுந்து நின்றுவிட்டது. அவர் காகிதத்தை நீட்டினார். டாக்டர் அதை வாங்கி ஸ்பூன் குவளைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுபடியும் கை நீட்டினார்.

"டப்பா?"

புத்தம்புது டப்பா ஒன்று வெளியே வந்தது. கோணல்மாணலாக, ஓரம் கருகிய சோள ரொட்டி இரண்டு. கொஞ்சம் புளிச்சக்கீரைப் பருப்பு. "நானே பண்ணது டாக்டர். பத்மஜாக்கா சொல்லிக் குடுத்தாங்க."

டாக்டர் ஸ்பூன் எடுக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கினார். ஒரு வாயோடு நிறுத்தவில்லை. நாங்கள் அத்தனை பேரும் காத்திருக்க, கருகிய ஓரத்தையும் விடாமல் சாப்பிட்டு முடித்து, டப்பாவை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.