சேக்காட்டுக் கடிகாரத்தின் சிவப்பு எண்கள்

இன்று என் எலக்ட்ரானிக்ஸ் கடையைத் திறந்ததுமே சேக்காட்டு முருகேசன் வந்து நின்றார். தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டில் தானே ஒரு பேட்டரி கடிகாரம் செய்திருக்கிறார். இந்த முறை மனைவியும் கூட.

“இன்னா அண்ணாத்தே, உன் பேட்டரி ரெண்டு நாள்கூட தாங்கல. இது மூணாவது.”

எத்தனை தடவைதான் சொல்வது? “சிவப்பு எல்இடி நம்பரு ராவும் பகலும் எரிஞ்சுகினே கீது. எந்த பேட்டரி தாங்கும்? கால்குலேட்டர்ல கீதே, அந்த எல்சிடி போடுன்னு அன்னிக்கே சொன்னேனே!”

சொன்னபடியே எல்சிடி ஒன்றை உறை பிரித்து மேஜையில் வைத்தேன்.

“இருட்டுல தெரியுமாண்ணே?” என்றார் மனைவி.

குவார்ட்டர்ஸ் குழாயில் விடியற்காலை நாலு மணிக்கு அரை மணி நேரம்தான் தண்ணீராம். அப்போது பார்த்து கரண்டும் போய்விடுகிறது. பேட்டரி தீர்ந்து கடிகாரம் அணைந்து கிடந்ததில் இந்த வாரம் இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கவில்லை.

“தெரியாதும்மா. அலாரம் வெச்சுக்கயேன்.”

“கைக்குழந்தை எழுந்துக்கும். அந்தச் சிவப்பே இருக்கட்டும்ணே. காலிங் பெல்லாட்டம், அமுக்குறப்ப மட்டும் எரிஞ்சா போதாதா?”

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்; எனக்குத் தோன்றவில்லை. ஒரு புஷ் பட்டனை எடுத்துக் கொடுத்தேன்.

உறை பிரித்த எல்சிடி இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. இருட்டில் மணி பார்க்க வேண்டாதவர் உங்களில் யாராவது உண்டா?