லய இலக்கத்தின் மேல் ஒரு குறிப்பு

டயகமத் தேயிலைத் தோட்டத்து சசிரேகாவுக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு வரும் கடிதங்களைத் தோட்ட ஆபிஸில் யாரோ பிரித்த பிறகே வாங்கிப் பழகியவள்.

ஹட்டன் கம்பெனியில் ஊழியர் விவரங்களைக் கோப்பாக்கும் ப்ரோகிராம் அவள் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் ஒரு குறிப்பு எழுதினால், அதன்படி அது கோப்பில் ஏறும். அன்று பார்த்தால், கோப்பில் அவள் முகவரியில் லய இலக்கத்தை மட்டும் காணோம். ப்ரோகிராமில் அந்த விவரத்துக்கு மேல் ‘இதை விட்டுவிடு’ என்றொரு குறிப்பு.

“லயம்னா அவ்வளவு எளக்காரமா ஒங்களுக்கு?” பக்கத்து மேசை கஜேந்திரன் மேல் பாய்ந்தாள்.

“நான் இல்லீங்க. யாரு எழுதுனதுன்னு அதுலயே இருக்கும், பாருங்க.”

பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத் தேதி. அவளுடைய பெயர். அந்த வாரம் ஊர் கேட்டவர்களிடமெல்லாம் நுவரெலியா டவுன் என்றுதான் சொல்லியிருந்தாள்.