கறுப்புக் கரை போட்ட பவளமல்லி

கல்கத்தாவில் நான் எடுத்த படங்களில் உருப்படியாக வந்தது ஒன்றுதான். அதை அனுப்பிய லட்சணத்தைச் சொன்னால் நீங்களே என்னை வைவீர்கள்.

பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்க்கட்டில் குடியிருந்தோம். நான் வெள்ளைக்காரக் கம்பெனி குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்ற பழைய கேமராவை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் மரமும் கங்கையுமாகப் படம் பிடிப்பேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் படங்களைப் படித்துவிடுவாள். ஒருமுறை, தண்ணீர் வற்றிய கரையில் ஒற்றையாகக் கிடந்த படகைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல யாரோ நன்னா வைதிருக்கா, அதானே?" என்றாள். வைதுதான் இருந்தார்கள்.

கொல்லையில் ஒரு பவளமல்லி மரம். அந்த ஊரில் ஷியுலி என்பார்கள். துர்கா பூஜை சமயத்தில் விடியும்போது தரையெல்லாம் பூவாகக் கிடக்கும். எங்கள் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையை என் மனைவி தூக்கிக்கொண்டு போய்ப் பொறுக்க விடுவாள். அந்த வருஷம் குழந்தைக்கு மார்ச்சளி கண்டது. ஐந்தாம் நாள் போய்விட்டது. முற்றம் நிறைய ஜனம் நிற்கும்போது நான் வாயைத் திறந்தேன். "பனியில தூக்கிண்டு போய் நீதான் கொன்னே" என்றேன். என் நாக்கில் சனி. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிற வங்காளிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுமாதமே மாமனார் வந்து என் மனைவியைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

தப்பு என்மேல்தான், வந்துவிடு என்று எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். எழுதினால் மாமனார்தான் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். வீடே கேட்கும். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ன, வீம்புதான்.

அடுத்த வருஷம் ஷியுலி பூத்தது. பொறுக்க ஆளில்லாமல் தரையில் கிடந்ததைக் குனிந்து படம் பிடித்தேன். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வெளிச்சம் படாது. அச்சில் அது கறுப்புக் கரையாக விழும். எப்போதும் வெட்டிவிடுவேன். இந்தத் தடவை ஓரத்துப் பூக்களை வெட்டக் கை வரவில்லை. ஊருக்கு எது அனுப்பினாலும் மூலையில் மஞ்சள் தடவுவது வழக்கம். குழந்தை போன வீட்டிலிருந்து மஞ்சளா என்று அதையும் விட்டேன். ஒரு வரிகூட எழுதாமல் தபாலில் சேர்த்தேன்.

மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. 'கறுப்புக் கரை போட்டு, மஞ்சள் இல்லாமல் துக்கக் கடுதாசி அனுப்பியிருக்கிறீர். என் பெண்ணைத் தலைமுழுகிவிட்டீர் என்று தெரிந்துகொண்டோம். வாசலிலேயே கிழித்துப் போட்டேன்.'

ஹவுராவில் அன்றைக்கே ரயில் ஏறினேன். இன்னொரு பிரதி எடுத்து, கரையை வெட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுபோனேன். மாமனார் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் வந்து, தூணோரமாக நின்று படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா கிழிச்சதைப் பொறுக்கிச் சேர்த்து அப்பவே பாத்துட்டேன்" என்றாள். "பூவைப் பொறுக்க ஆளில்லேங்கறேள். எனக்குப் புரியாதா?"

எனக்கு உயிர் வந்தது. புரிந்திருக்கிறது, போதும், வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஆனா அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல வாயாலன்னா சொன்னேள்? இதை மட்டும் படமா அனுப்பினா எப்படி?"

அப்போது சொன்னேன். மாமனார், மாமியார், மச்சினன், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் எல்லோரும் கேட்கவே சொன்னேன். அவளால் இல்லை, நான்தான் பாவி என்று அழுதுகொண்டு சொன்னேன். அவள் முழுசும் கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் கழிச்சுச் சொல்றேள்" என்றாள். "இந்த ஒரு வருஷமா நான்தான் கொன்னேன்னு நானே நம்பிண்டிருந்தேன். இப்போ நீங்க இல்லேன்னு சொன்னாலும், அது போக மாட்டேங்கறதே."

படத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பும்போது ரயிலுக்கு ஒரு டிக்கெட்தான் வாங்கினேன்.