பெரம்பலூர் போய்த் திரும்பிய இரவுச் சாப்பாடு

செவ்வாய்க்கிழமை காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வழக்கமான பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் படியிலிருந்து இறங்கி வந்தார். சாதாரணமாக அவர் யாருக்காகவும் இறங்குகிற ஆள் இல்லை.

"தங்கராசு சார் தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம். ஒங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு பாத்தேன்" என்றார்.

எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பிப் போய்விட்டது. அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை.

பெரம்பலூர் ஆபீசில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தங்கராசு அண்ணனை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரிக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட கிளார்க் அவர். போன வருடம்தான் ஓய்வு பெற்றார். நான் டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் வீடு அரியலூரில். பல வருடங்கள் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எங்களோடு இன்னொன்றும் போய்த் திரும்பியது. அவருடைய நாலடுக்குத் தூக்கு.

தூக்கு கொண்டுவருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் மத்தியானம் அவர் அதைத் தொட மாட்டார். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அதில் இருப்பதைச் சாப்பிடுவார். தூக்கு பூட்டிய ரிக்கார்டு ரூமுக்குள், பழைய கட்டுகளுக்கு நடுவில், எறும்பு ஏறாமல் ஒரு தட்டுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். அரியலூரில் சமைத்த இரவுச் சாப்பாடு பெரம்பலூரைப் பார்த்துவிட்டு மறுபடி அரியலூருக்கே போகும். "அண்ணே, சோத்துக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஆபீசில் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் அதிகாரி அந்தப் பக்கம் போனவர் மூக்கை உறிஞ்சி, "என்னய்யா இது, ரிக்கார்டு ரூம்ல எள்ளுப்பொடி வாசனை?" என்றார். அண்ணன் எழுந்து நின்று, "பழைய ரிக்கார்டுங்க சார். அப்பிடித்தான் வாசம் வரும்" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காரணத்தை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. அவர் மனைவி செல்வி அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருடம் அவருக்கு மாலை டூட்டி விழுந்தது. மத்தியானம் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. இரண்டு பெண்பிள்ளைகள், மலரும் தேன்மொழியும், பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அண்ணன் ஏழு மணிக்கு வந்து ஸ்டவ் பற்றவைத்து உலை கொதிப்பதற்குள் சின்னவள் தூங்கிவிடுவாள். எழுப்பினால் அழுவாள். சில நாள் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா பொட்டலம் வாங்கி வருவார். அதைத் தின்ற அன்றைக்கு வயிற்றுவலி. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எடை பார்த்து, தாய்மாரை அதட்டி அனுப்புகிற செல்வி, ஒருநாள் தன் சின்ன மகளை அதே தராசில் நிறுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "நான் வேலைய எழுதிக் குடுத்துடறேங்க" என்று அழுதாராம்.

"ஒரு மாசம் எங்கிட்ட வுடு. சரிப்பட்டு வரலேன்னா அப்பறம் எழுதிக் குடு" என்றார் அண்ணன்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். எழுபதுகளில் அரியலூரில் ஒரு ஆண்பிள்ளை சமைத்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சமையல் தெரிந்ததும் இல்லை. முதல் வாரம் கொண்டுபோன பூசணிக் கூட்டு, மூடியைத் திறக்கும்போதே ஊசிப்போய் நுரைத்து நின்றது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கடை பன்தான்.

அதன் பிறகு அவர் யோசித்துச் சமைக்க ஆரம்பித்தார். இரவு வரை கெடாத சாப்பாடு, குழந்தைகளுக்குச் சத்தான சாப்பாடு, கையில் எடுத்துத் தின்னக்கூடிய சாப்பாடு. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. வரகரிசிச் சோற்றில் நல்லெண்ணெயும் எள்ளுப்பொடியும். கொள்ளுத் துவையல், வறுத்த கடலை. "தேங்காயும் வெங்காயமும் சாயங்காலம் வரைக்கும் கூட வராது, பாதி வழியில காலை வாரிடும்" என்பார். எதையும் நன்றாக ஆறவிடாமல் மூட மாட்டார். ஈரக் கரண்டி பட்டால் கோபம் வரும். தயிர்ச்சோறு மட்டும் அவர் கையில் ஒரு வித்தை. குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி மோர் விட்டுக் கிளம்புவார். காலையில் போகும்போது அது பால்சோறு. சாயங்காலம் திரும்பும்போது இளந்தயிர்ச்சோறு.

பெரம்பலூர் வரை ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று கேட்டேன். "மத்தியானத்துக்கு மேல பூட்டின வூட்டுக்குள்ள வெச்சா வெந்துபோயிடும்மா. நம்ம ரிக்கார்டு ரூம் கல்லுக் கட்டடம், என்னா குளிர்ச்சி! அதோட வூட்டுக்குப் போயி எடுத்துட்டு வந்தா செல்விக்குச் சாப்புடற நேரம் தாண்டிடும். பஸ்ஸு ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்குது" என்றார். நால்வரும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், புங்கமரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டம்மா அங்கே கொண்டுவந்து விடுவார்.

ரஞ்சன்குடியிலிருந்து வந்த அவருடைய அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "விளக்கு வெக்கிற நேரத்துல அடுப்பு எரியாத வூடு ஒரு வூடாடா? கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தினி நாளைக்கிடா வரும்?" என்று கேட்டார்.

"ஏழு மணி வரைக்கும் வந்தா போதும்க்கா" என்றார் அண்ணன்.

அக்கா அதோடு விடவில்லை. அந்தி நேரத்தில் சோற்றை வெளியே எடுத்துப் போனால் காத்து கருப்பு பின்னாலேயே வரும் என்று, ஒரு கரித்துண்டைத் துணியில் முடிந்து தூக்கின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை துளியும் இல்லை. ஆனால் அந்த முடிச்சை அவர் அவிழ்க்கவே இல்லை. கேட்டால், "பேய்க்கு இல்லம்மா, அக்காவுக்கு" என்பார்.

அவருடைய இன்னொரு பேச்சும் நம் ஆபீசில் பிரசித்தம். "புளிக்கிறது வேற, ஊசறது வேற. புளிச்சதத் திங்கலாம். ஊசினாத்தான் கொட்டணும்." சமையலுக்குச் சொன்னதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். நானும் அடுத்த மேசைக்காரரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தபோது, நடுவில் வந்து நின்று, "இது புளிச்ச சண்டைதான். இன்னும் ஊசல. பேசிடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து காரியம் கெட்டது. பேசிவிட்டோம்.

அவர் கேட்டிருந்த ஒரு மாதம் முடியப்போகிற சமயம். இந்தக் காரணம் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நல்ல கோடை. சாயங்காலம் பஸ் பேரளிக்கு அருகில் வந்தபோது டயர் வெடித்தது. மாற்று டயரும் சரியில்லை. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். அண்ணன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தார். கண் ரோட்டில் இருந்தது. செல்விக்குக் கிடைக்கும் சாப்பாட்டு நேரம் கொஞ்சம்தான். அன்று அதைத் தவறவிட்டால் மறுநாள் செல்வி ராஜினாமா எழுதிவிடுவார் என்று அண்ணனுக்குப் பயம்.

எங்களோடு ஒரு பெண் கைக்குழந்தையும் நாலு வயதுப் பையனுமாக நின்றிருந்தாள். பையன் பசியில் அழ ஆரம்பித்தான். பக்கத்தில் கடை எதுவும் இல்லை. எல்லோருடைய பார்வையும் தூக்கின்மேல் போயிற்று. அண்ணன் தூக்கைத் திறந்து, இரண்டு அடையும் கொஞ்சம் வரகுச் சோறும் மூடியில் எடுத்து வைத்துப் பையனிடம் கொடுத்தார். உடனே தூக்கை மூடிவிட்டார். பையன் அதை வழித்துத் தின்றுவிட்டு மறுபடியும் தூக்கைப் பார்த்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு இருக்கே அண்ணே, இன்னும் கொஞ்சம் குடுத்தா என்ன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"குடுத்தது என் பங்கும்மா. அத முழுசாக் குடுத்துட்டேன். மத்த மூணும் என்னோடது இல்ல. நான் தூக்கிட்டுப் போறவன்தான்" என்றார். கூட்டத்தில் ஒருவர், "சரியான கஞ்சன்" என்று முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேறு பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. "ஒரு நிமிஷம் வாம்மா, அவங்களப் பாத்துட்டு ஒன்ன வூட்டுல வுட்டுட்டு வரேன்" என்றார். கோபத்தோடுதான் பின்னால் போனேன். புங்கமரத்தடியில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வாங்கிக்கொடுத்த பிஸ்கட் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. "அம்மா ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கப்பா. பிஸ்கட்டத் தின்னுன்னாங்க. நாங்கதான் அப்பா வந்துரும்னு வெச்சிருக்கோம்" என்றாள் பெரியவள். சின்னவள் தூங்கவில்லை. அதை அண்ணன் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

செல்வி ஓட்டமும் நடையுமாக வந்தார். யாரோ பத்து நிமிடம் வார்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களாம். முதல் வேலையாக ஒவ்வொரு அடுக்கையும் திறந்து மோந்து பார்த்தார். அண்ணன் மூச்சுக்கூட விடாமல் அவர் முகத்தையே பார்த்தார். தயிர்ச்சோற்றை மோந்து, ஒரு பருக்கையை நாக்கில் வைத்துவிட்டு, "புளிச்சிருக்கு. ஊசல" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மலருக்கு ஒரு உருண்டை, தேன்மொழிக்கு ஒரு உருண்டை, அடுத்தது தன் வாய்க்கு. அதே வரிசையில் திரும்பத் திரும்ப. அண்ணன் தள்ளி நின்றுகொண்டு, "நான் பஸ்ஸுலயே சாப்டுட்டேன்" என்றார்.

"பொய்!" என்றேன் நான். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பேரளியில் நடந்ததைச் சொன்னேன். செல்வி தன் பங்கிலிருந்து ஒரு உருண்டை பிடித்து அவருக்கு நீட்டினார். பிள்ளைகளும் கொடுத்தார்கள். அடுத்த உருண்டை என் கைக்கு வந்தது. கல்யாணமாகி அத்தனை வருடங்களில், இரவு வேளையில் என் கையில் ஒருவர் சோறு வைத்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "ஆறிப் போனத எப்பிடிண்ணே தினம் சாப்புடறீங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"சூடாத் திங்கணும்னா யாராச்சும் ஒருத்தர் அடுப்புகிட்ட நின்னுகிட்டே இருக்கணும்மா. இங்க பாரு, எல்லாரும் ஒக்காந்திருக்கோம்" என்றார் அண்ணன்.

செல்வி கை கழுவிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். போகும்போது திரும்பி, "நாளைக்கும் அந்த வரகுச்சோறே கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜினாமா பேச்சு அதன் பிறகு எழவில்லை. செல்வி இன்றும் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மாலை டூட்டி வரும்போதெல்லாம், பெண்கள் காலேஜுக்குப் போகும்வரை, அந்தத் தூக்கும் பெரம்பலூர் போய் வந்தது.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று சொல்லி முடிக்கிறேன். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை முடிந்து வருபவர். தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும் அவருக்கு. பையன்களும் அப்படியே பழகிவிட்டார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சேலைகூட மாற்றாமல் அடுப்புக்கு முன்னால் நிற்பேன். எல்லோரும் எழுந்த பிறகு மிச்சத்தைத் தின்பேன். அந்தப் புங்கமரத்தடிக்குப் பிறகு என்னால் அப்படி நிற்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கேழ்வரகு அடை தட்டி, துவையல் அரைத்து, தயிர்ச்சோற்றுக்குப் பால் ஊற்றி வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, நாலு தட்டுப் போட்டு, நானும் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு அடையைப் பிட்டார். சின்னவன் மட்டும் பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"ஏம்மா ஒக்காந்துட்ட? ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லடா. எனக்கும் பசிக்குது" என்றேன்.