கோலாலம்பூரில் ஒரு தூக்கம்

"அடுத்த வாரம் கோலாலம்பூர்ல போட்டி. போக வேண்டிய பிள்ளைக்கு முட்டி பிசகிருச்சு. நீ போறியா தாயி?" என்று கராத்தே மாஸ்டர் கேட்டதும் சரியென்றுவிட்டேன். மதுரையில் நான் நர்ஸ். டியூட்டி முடிந்து, திருநகர் வீட்டு மொட்டைமாடியில் தூக்கக் கலக்கத்தோடு பயிற்சி செய்தேன்.

முதல் சுற்றிலேயே ஒரு நேபாளப் பெண் என்னைத் தோற்கடித்தாள். அவள்மேல் ஆத்திரத்தோடு, ஏசி குளிரில் நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

கைதட்டல் கேட்டு விழித்தபோது என்மேல் நேபாள அணியின் ஸ்வெட்டர் போர்த்தியிருந்தது. மேடையில் மற்றவர்கள் தங்கள் நாட்டு ஸ்வெட்டரோடு நிற்க, தங்கம் வாங்கிய அவள் மட்டும் வெறும் கராத்தே உடையில் நின்றாள்.

இறங்கி வந்தவளிடம் ஸ்வெட்டரை நீட்டினேன். "எழுப்பியிருக்கலாமே?"

"அசந்து தூங்குனீங்க. மனசு வரல" என்றாள், அரைகுறை ஆங்கிலத்தில்.

வார்டிலும் வீட்டிலும் யாராவது என்னை எழுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தோற்ற அன்றைக்குத்தான் ஒருத்தி தூங்கவிட்டாள்.