கடவுச்சொல்லை நானே கொடுத்தேன்

விடையேறி வரும் பெருமானே, நுதலில் கண்ணுடையவனே, அடியவர் பிழையைப் பொறுப்பவன் என்று உன்னைப் பாடியே வளர்ந்தவன் நான். இன்று பொறுக்க வேண்டாம் என்று கேட்டுத் தொடங்குகிறேன். இங்கே நான் எழுதப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும் அந்தக் கண்ணைத் திறந்துவிடு. இன்று மார்கழித் திருவாதிரை. விடியலில் நீராடி, களி படைத்து, பதிகம் ஓதி முடித்தேன். நல்ல நாளில் இனியவற்றையே எழுத வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதை மீறிக் கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணை மூடினால் ஓர் அறிவிப்புப் பலகை தெரிகிறது. கேரள எல்லையில், பாறசாலைக்கு அருகே நான் நூலகராக இருந்த கல்லூரியில், நூலக வாசலுக்கு வலப்புறம் சுவரில் அறைந்திருந்தது. முன்பக்கம் கண்ணாடி, ஓரத்தில் சிறு பூட்டு. தொண்ணூறுகளின் நடுவில், அதற்கு அடுத்த அறையில் பல்கலைக்கழகம் மூன்று கணினித் திரைகளை வைத்தது. அவற்றுக்குள் தனியே எதுவும் கிடையாது. ஒரு தொலைபேசிக் கம்பி வழியாகத் திருவனந்தபுரத்துப் பெரிய இயந்திரத்தோடு அவை பேசும். நாங்கள் இங்கே தட்டுவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். ஆரியங்கோடு முதல் பொழியூர் வரை பரவிக் கிடந்த ஆசிரியர்களும் நானுமாக முப்பது பேருக்கு அந்த அறைதான் பல்கலைக்கழகத்தின் வாசல். அதை நடத்தியவர் ஓர் அம்மையார். ஆபரேட்டர் என்றே அவரை எல்லோரும் அழைத்தோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். திருப்புறத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. அந்த வேலையைத்தான் நாங்கள் கூடிப் பறித்தோம்.

பயனர்களுக்கான சுற்றறிக்கை மாதந்தோறும் தலைமை மையத்திலிருந்து வரும். ஆங்கிலத்தில், சட்டப் புத்தகத்தைப் போல இருக்கும். ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். ஆபரேட்டர் அதைத் தம் கையால் திரும்ப எழுதுவார். தாளின் இடப்பாதி மலையாளம், வலப்பாதி தமிழ். ‘இயந்திரம் செவ்வாய்க்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை உறங்கும், எழுப்ப முயல வேண்டாம்’ என்று ஒரு முறை எழுதியிருந்தார். ‘பாஸ்வேர்டை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பவர்கள் கவனிக்க: கண்ணாடியின் குணம், உள்ளே இருப்பதைக் காட்டுவது’ என்று இன்னொரு முறை. ஆசிரியர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று வாசித்துச் சிரிப்பார்கள். எந்த அறிவிப்பானாலும் கடைசி வரி மட்டும் மாறாது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கும்: ‘பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள். எனக்கும் சொல்லாதீர்கள்.’

நானும் அவருடைய பயனர்களில் ஒருவன். பதிகங்களின் முதலடிகளை அகரவரிசையில் அடுக்கி, எது எந்தத் தலத்துக்கு உரியது, எந்தப் பண்ணில் அமைந்தது என்று காட்டும் அகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. எந்தத் தமிழ் ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து என்று என்னோடு உட்கார்ந்து அட்டவணை போட்டுத் தந்தவர் அவர்தான். நான்கு ஆண்டுகள், உணவு இடைவேளைகளில், அந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியாகத் தட்டினேன்.

ஒரு தேர்வுக் காலத்தில் கம்பி அறுந்தது. ஓடை வெட்டியவர்கள் மண்ணோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டார்கள். கல்லூரித் தொலைபேசியும் செத்துக் கிடந்ததால், தலைமை மையத்துக்குச் சொல்வதற்காக ஆபரேட்டர் சந்திப்பிலுள்ள எஸ்.டி.டி. கடைக்கு நடந்துபோனார். திரும்பியதும் நேரே என் மேசைக்கு வந்தார்.

“சாரே, பழைய மெஷினெ நிறுத்தப் போறாவளாம். புதுசுக்கு மாறணும்னா அவனவன் ஒருக்க உள்ளே கேறி சம்மதம் கொடுக்கணும். கொடுக்காதவனுக்க ஃபைல் எல்லாம் அழிஞ்சு போவும். இன்னும் ஒம்பது நாளாக்கும் உள்ளது.”

“நமக்கு நோட்டீஸ் ஒண்ணும் வரல்லியே, மக்கா?”

“வந்துதாம். உள்ளே கேறினா திரையிலெ தெரியுமாம். உள்ளே கேற லைன் எங்கே உண்டு?”

வெளியே நிறுத்திப் பூட்டப்பட்டவனுக்குரிய செய்தியை வீட்டின் உள்சுவரில் ஒட்டிவிட்டு, வாசிக்காதது அவன் குற்றம் என்று சொல்லும் நிர்வாகத்தை என்னவென்று அழைப்பது? இத்தனை ஆண்டுகள் தேடியும் எனக்கு அதற்குத் தகுந்த சொல் கிடைக்கவில்லை. ஆபரேட்டர் மறுநாளே நகரத்துக்குப் போய், கம்பி சரியாகும்வரை எங்கள் மையத்துக்குத் தவணை கேட்டார். மைய மேலாளர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுத்தாராம். “நோட்டீஸ் ஸ்க்ரீனில் உண்டல்லோ” என்று அவர் சொன்ன தோரணையை ஆபரேட்டர் எங்களுக்கு நடித்துக் காட்டினார். அன்று சிரித்தோம்.

பயனர் ஒவ்வொருவரும் நகரத்து மையத்துக்கே போய்ச் சம்மதம் கொடுத்திருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். தேர்வுக் காலம், விடுப்பு இல்லை என்றார்கள். பாதிப் பேருக்கு அது உண்மை. மீதிப் பேருக்குச் சோம்பல். நான் இரண்டாவது பாதி.

ஆசிரியர் அறைக்குப் பழுப்பு உறை ஒன்றோடு ஆபரேட்டர் வந்தார். “எல்லாரும் பேரும் பாஸ்வேர்டும் எழுதித் தாருங்கோ. நாளைக்கு நான் போய் ஒங்களுக்காட்டு கேறி சம்மதம் கொடுத்துட்டு வாறேன். எனக்க நோட்டீஸெ நானே கிழிக்க வேண்டி வந்துட்டு, பாத்தியளா?”

பொழியூரிலிருந்து வரும் புவியியல் ஆசிரியர்தான் முதலில் எழுதினார். கடல் ஆண்டுதோறும் எவ்வளவு கரையைத் தின்கிறது என்று கயிறு பிடித்து அளந்து, கணக்கையெல்லாம் அந்த இயந்திரத்தில் வைத்திருந்தவர். “எலே, கடலுகூட எனக்க வீட்டெ எடுக்க வருசக்கணக்காட்டு நிக்குது. இவனுவ ஒம்பது நாளிலெ எடுக்கப் பாக்கானுவளே!” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. உறை கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. என் முறை வந்தபோது நான் எழுதியதை எட்டிப் பார்த்து ஆபரேட்டர் தலையில் கை வைத்தார். “சாரும் சாமி பேரா? இங்கே பாதி பேருக்கும் சாமி பேராக்கும். பாவம் சாமிமாரு, காவல் நின்னே கால் கடுக்கும்!”

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார். காலையில் திறந்தது முதல் மாலை அடைக்கும்வரை ஒரே திரையின் முன்னால் அமர்ந்து, முப்பது பேராகவும் ஒவ்வொருவராய் நுழைந்து சம்மதம் கொடுத்திருக்கிறார். என் அகராதி பிழைத்தது. பொழியூர்க் கடற்கரையின் அளவுகள் பிழைத்தன. திரும்பி வந்து, நூலகத்தில் அரக்கு உருக்கும் விளக்கில் என் கண்ணெதிரே அந்த உறையை எரித்தார். கம்பி சரியான அன்று பலகையில் புது அறிவிப்பு: ‘உங்கள் கோப்புகள் எல்லாம் புது இயந்திரத்தில் உள்ளன. இன்று மாலைக்குள் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழையவை எனக்குத் தெரியும் என்பதே காரணம்.’

இதைவிட நேர்மையான அறிவிப்பை என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. அதுவே அவருக்கு எதிரான முதல் சான்றாயிற்று.

முப்பது பேரும் ஒரே நாளில் ஒரே திரையிலிருந்து நுழைந்ததை மையத்துப் பதிவு காட்டிக்கொடுத்தது. விசாரணைக்கு மேலாளரே வந்தார். எங்கள் எல்லையோர மையத்துக்கு ஏன் முறையாகத் தெரிவிக்கவில்லை என்ற கேள்வி எழும் முன்னரே வேறொரு குற்றவாளி அவருக்குத் தேவைப்பட்டார். ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்த ஒரு தாள்: ‘என் பாஸ்வேர்டு என் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்தப்பட்டது.’ கையெழுத்திட்டால் போகலாம். தாமே கொடுத்ததாகச் சொன்னால் விதி மீறியவர் ஆவார். ஓராண்டுக்குக் கணக்கு மூடப்படும்.

ஓராண்டு! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சொல்லை மெல்கிறேன், இன்னும் கசக்கிறது. உயிர் கேட்கவில்லை, ஊரை விட்டு ஓடச் சொல்லவில்லை. ஓராண்டு திரையைப் பார்க்காமல் இருக்கச் சொன்னார்கள். அதற்கு அஞ்சி, படித்தவர்கள், மாணவருக்கு ஒழுக்கம் போதிப்பவர்கள், வரிசையில் நின்று பொய்யில் கையெழுத்திட்டார்கள். விடியலில் இறைவனை மெய்ப்பொருளே என்று விளித்துப் பாடிய வாயோடு நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. முழுப் பெயரையும் தெளிவாக, முதலெழுத்தோடு, எழுதினேன்.

பொழியூர் ஆசிரியர் மட்டும் தட்டச்சு வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, ‘நானே கொடுத்தேன்’ என்று எழுதினார். வெளியே வந்து என்னைப் பார்த்து, “சாமி பேரையும் அந்தப் பிள்ள களவெடுத்துதுன்னா எழுதினியரு?” என்று கேட்டார். அவர் கணக்கை மூடினார்கள். ஓராண்டு அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பிறகு திரையில் எழுதினார். அவருக்கு நேர்ந்தது அவ்வளவுதான். எங்களுக்கும் அவ்வளவுதான் நேர்ந்திருக்கும்.

ஆபரேட்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எங்கள் வாக்குமூலங்களின் நகல் முழுவதையும் அவர் கையில் கொடுத்தே அனுப்பினார்கள். அதன்பிறகு ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, தம் பெயரில் இருந்த இரண்டு புத்தகங்களை என் மேசையில் வைத்தார். என்ன கேட்பாரோ என்று அஞ்சி, அவசரமாக ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன்.

“சாரே, ஒங்க பதிக லிஸ்டு புது மெஷினுக்கு மாறச்செ கடைசி பாகம் நின்னு நின்னாக்கும் போச்சு. முறிஞ்சிருக்கான்னு பாத்தியளா?”

“பாக்கேன், மக்கா.”

“பாருங்கோ. முறிஞ்சிருந்தா பழைய மெஷினுக்க டேப்பிலெ உண்டும். அதை அழிக்கதுக்கு முன்னே கேட்டு வாங்கணும். நாள் கடத்தாதீங்கோ.”

ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் ஒரு சொல்லாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் கோபித்து, என்னை நியாயப்படுத்தியிருப்பேன். அவர் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை. திறந்து பார்த்தேன், வகர வரிசை பாதியில் முறிந்துதான் இருந்தது. பழைய நாடாவைக் கேட்க மேலாளரிடம் போகவேண்டும். போனால் பேச்சு எங்கே திரும்பும் என்று தெரியும். போகவில்லை. முறிந்த பகுதியைக் கையால் மீண்டும் தொகுத்து, அகராதியை அச்சிட்டேன். முன்னுரையில் கணினி மையத்துக்கும் மேலாளருக்கும் நன்றி சொன்னேன். எழுத்து அட்டவணை தந்தவருக்கு ஒரு வரி இல்லை. அந்த நூலுக்காக எனக்குக் கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மேலாளர் மேல் எனக்குள்ள சினம் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன். ஆனால் அவர் கொண்டுவந்தவை வெறும் தாள்கள். அவற்றைப் பொய்யாக்கியவை எங்கள் கைகள். ஆகவே இறைவன் முன்னும் வாசிப்பவர் முன்னும் என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதுகிறேன்: ஆபரேட்டர் எடுக்கவில்லை. நானே எழுதி, நானே உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் விதி மீறியது எங்களுக்காக. நான் பொய் சொன்னது எனக்காக.

இதை வாசித்த அனைவரையும் எம்பெருமான் காக்க. நோயின்றி, குறைவின்றி, சுற்றம் சூழ வாழ்க. உங்களுக்கு உதவியவரை உங்கள் பெயராலேயே தண்டிக்கும் தாள் ஒன்று என்றேனும் உங்கள் முன் நீட்டப்படுமானால், அந்த நொடியில் உங்கள் விரல்கள் மரத்துப் போகுக. பேனாவின் மை உலர்ந்து போகுக. எழுதத் தெரியாதவராய் அங்கே நின்று, தலை நிமிர்ந்து வீடு சேர்க.