துவைக்காத மூட்டை

செனோபியாவை நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலி தாண்டி வந்த அல்பாக்காவைக் கல்லால் அடிப்பாள். திருவிழாவிலும் சிரிக்க மாட்டாள். ஆனால் எண்பத்து நாலில், பெரு நாட்டின் இந்த மலைமேட்டில், புத்தி கலங்காமல் இருந்தவள் அவள்தான்.

அவள் கணவன் லியோன்சியோ என் பெரியப்பா மகன். மார்ச்சில் அல்பாக்காக் கம்பளி விற்கக் கீழே சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. ராணுவம் பிடித்ததா, மலையேறி அதை எதிர்க்கும் துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்தானா, யாருக்கும் தெரியாது; தெரிந்தவர் வாய் திறக்கவில்லை. அவள் அடுப்பில் புகை கொஞ்சம் கூடினாலும் யாருக்குச் சமைக்கிறாள் என்று பார்த்தோம். நானும் பார்த்தேன்.

குளிர்காலம் தொடங்கிய ஜூனில் ராணுவ முகாம் கேப்டன், மலையேறிய ஆண்களின் வீடுகளைப் பட்டியலாகக் கேட்டார். பக்கத்து ஊரில் பட்டியலில் இருந்த வீடுகள் எரிந்திருந்தன. ஊர்க்காவல் தலைவன் டெமெத்ரியோ அவளிடம் போனான்.

"அக்கா, வெள்ளிக்கெழமைக்குள்ள அவன் துணிய ஆத்துல தொவைக்கக் குடுத்துரு. செத்தவன் வீட்ட யாரும் தேட மாட்டாங்க."

எங்களில் ஒருவர் இறந்தால் ஐந்தாம் நாள் அவர் துணிகளைத் துவைப்போம். அதோடு அவர் போய்விட்டார் என்று அர்த்தம். மனைவி துவைக்கக் கூடாது. மற்றவர்கள்தான் துவைக்க வேண்டும்.

வியாழன் நடுப்பகலில் அவள் மூட்டையோடு ஆற்றுக்கு வந்தாள். ஊரே கரையில் நின்றது. மூட்டையை டெமெத்ரியோவின் காலடியில் போட்டாள்.

"நீ தொவ."

"நானா?"

"செத்துட்டான்னு தெரிஞ்சவந்தானே தொவைக்கணும். ஒனக்குத் தெரியுமா தம்பி? தெரிஞ்சா எங்க கெடக்கான்னும் சொல்லு."

"புருஷன் ஓடுனதே இந்த வாய்க்குப் பயந்துதான்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அப்ப உசுரோட இருக்கான்ங்கிற. வா, அத கேப்டன்கிட்ட சொல்லு."

யாரும் மூட்டையைத் தொடவில்லை. நானும் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் டெமெத்ரியோவோடு நானும் முகாமுக்குப் போனேன். டெமெத்ரியோ கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. "லியோன்சியோ செத்துட்டான் கேப்டன், துணி தொவச்சாச்சு" என்றான். கேப்டன் தலையசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நல்ல செய்தி என்று நினைத்து நேரே அவளிடம் போய்ச் சொன்னேன்.

"எப்படிச் செத்தான்னு கேக்கலியா?"

"இல்ல அண்ணி."

"பொணம் எங்கன்னு?"

"அதுவும் கேக்கல. ஒன்ன விட்டுட்டாங்கல்ல, போதாதா?"

மென்றுகொண்டிருந்த கோகா இலையைத் துப்பினாள். பிறகு உள்ளே போய் மூட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"கேக்க வேண்டிய தேவையே அந்தக் கேப்டனுக்கு இல்ல, அவனுக்கு முன்னமே தெரியும். இப்பத் தொவச்சிரு."

மறுநாள் காலையில் கரையோரத்துப் பனிக்கட்டியை உடைத்து, தனியாகத் துவைத்தேன். சட்டையைப் பிழிந்து நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் டெமெத்ரியோ நின்றிருந்தான். லியோன்சியோ செத்ததைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசிப்பவன்போல என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.